ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் கொடுக்க முடியாது. வேறு என்னவெல்லாம் கொடுக்கலாம்?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. வயது 54, மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஏழு வாரத்துக்கு முன் கடையில் நின்றுகொண்டிருந்தபோதே மாரடைப்பு. எதிரே நின்ற ஆட்டோக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார், வாடகை வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. அன்றே இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். பிழைத்து வந்தவர் இனி தினமும் ஒருவருக்காவது உதவி செய்வது என்று முடிவெடுத்திருக்கிறார். ரத்தம் கொடுக்கலாமா, கோயில் அன்னதானத்தில் வேலை செய்யலாமா, ஆஸ்பத்திரியில் தொண்டு செய்யலாமா என்று கேட்கிறார். மனைவிக்கு இதில் சம்மதமில்லை. 'நல்லது செய்தால் இதயத்துக்கும் நல்லது என்கிறார்களே, நிஜமா?' என்றும் கேட்டிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று. முகம் தெரியாதவர் செய்த உதவியை நான் எப்படித் தீர்ப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் இரண்டாவதற்கு வழி தானே கிடைக்கும்.

இதய நோயாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமையில்லை, அது உங்கள் இதய மருத்துவர் வேலை. உங்கள் எக்கோ அறிக்கையையும் நான் பார்க்கவில்லை. அதில் 'இ.எஃப்.' என்று ஒரு எண் இருக்கும், இதயம் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. அது 50-க்கு மேல் இருப்பவருக்கும் 40-க்குக் கீழ் இருப்பவருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. கீழே நான் சொல்லும் உடல் கணக்கெல்லாம் சிக்கல் இல்லாமல் வீடு திரும்பியவருக்கானது. மறுபரிசோதனைக்குப் போகும்போது அந்த எண்ணைக் காட்டி, 'இவ்வளவு செய்யலாமா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுத்திருக்கும் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு இந்த இரண்டையும் சேர்த்து வழக்கமாக ஓராண்டு கொடுப்பார்கள். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம், அது முதல் மாரடைப்பைவிட மோசமாகவும் முடியலாம். சேவை செய்யக் கிளம்புகிறவர்கள் தடுக்கிவிழும் முதல் இடமும் இதுதான். காலையில் எங்கோ ஓடுவார்கள், மாத்திரை வீட்டிலேயே இருந்துவிடும். ஒரு நாளைக்கான மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

அடுத்து உடம்பு. ஏழாவது வாரத்தில் ஒரே மூச்சாக அரை மணி நேரம் சமதரையில் நடக்கிற அளவுக்கு வந்திருக்க வேண்டும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட வராது. அதுதான் சரியான வேகம். பேச்சே திணறினால் வேகம் அதிகம். நடையைவிடக் கவனம் வேண்டியது தூக்குவதில். கனமானதை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோவுக்கு மேல். நிரம்பிய சமையல் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அரிசி மூட்டை 25 கிலோ. மாடி வீட்டுப் பாட்டிக்கு உதவுவதாக நினைத்து கேனைத் தோளில் வைத்துப் படியேறுவதுதான் நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் உதவி. உங்களுக்கு இப்போது அது வேண்டாம். அதற்குப் பதிலாகக் கேன் போடும் தம்பியிடம் பேசி, வாசலில் வைத்துவிட்டுப் போகாமல் உள்ளே கொண்டுபோய் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கேனின் வாயில் பொருத்தி அழுத்தினால் தண்ணீர் வரும் கைப்பம்பு ஒன்று கடைகளில் கிடைக்கும், அதை மாட்டிக் கொடுங்கள். பாட்டி கேனைச் சாய்க்கவே வேண்டியிருக்காது. நீங்கள் ஒருமுறை தூக்கினால் ஒரு நாள் தண்ணீர், இப்படிச் செய்தால் வருஷம் முழுக்க.

ரத்தம் கொடுக்க முடியாது. இதில் சந்தேகமே இல்லை. இந்தியாவில் ரத்தக் கொடையாளர்களுக்கான விதிமுறை, மாரடைப்பு வந்தவர்களை நிரந்தரமாக விலக்கி வைக்கிறது. அவர்கள் ரத்தம் கெட்டது என்பதால் அல்ல. 350 மில்லி ரத்தம் திடீரென்று வெளியேறினால் அவர்கள் இதயத்துக்கு அது ஆபத்து. முகாமில் கேள்வித்தாளில் மறைத்துவிட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது வேறு. தெரிந்தவர்களில் 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாமல், நாள்பட்ட நோய் இல்லாத பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர், ரத்த வகை, போன் எண், கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், அதை அங்கேயே பார்த்துவிடுவார்கள். எல்லோரையும் ஒரே நாளில் வண்டியேற்றிக்கொண்டு போவது பெரிய தவறு. தலைவர் பிறந்த நாளில் ஊரே கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று மாதத்துக்குக் கூப்பிட ஆள் இருக்காது. சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே மாதம் இரண்டு பேர் என்று பிரியுங்கள். வெறும் வயிற்றில் கூட்டிப்போகாதீர்கள். ஊசி எடுத்த பிறகு கால் மணி நேரமாவது உட்கார வைத்து ஏதாவது குடிக்கக் கொடுங்கள். முதல் முறை கொடுப்பவர் எழுந்தவுடன் நடந்து மயங்கி விழுந்தால் மறுமுறை வரமாட்டார். அந்த நேரம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது சின்ன வேலை இல்லை.

அன்னதானம் என்றால் அடுப்படிக்குப் போகாதீர்கள். அண்டா தூக்குவது, விறகுச் சூட்டில் மணிக்கணக்காக நிற்பது, வியர்த்து நீர் குறைவது, மேலே பி.பி. மாத்திரை, எல்லாம் சேர்ந்தால் தலைசுற்றி விழ வைக்கும். பந்தியில் இலை போடுவதும் டோக்கன் கொடுப்பதும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் உணவு விஷயத்தில் நான் காட்ட விரும்பும் இடம் வேறு. அரசு மருத்துவமனையில் நோயாளிக்குச் சாப்பாடு உண்டு, கூட இருப்பவருக்குக் கிடையாது. ஐ.சி.யு. வாசலில் காத்திருப்பவர் இடத்தை விட்டு நகரவே பயப்படுவார். எந்த நேரம் பெயரைக் கூப்பிடுவார்களோ, எப்போது 'இந்த மருந்தை வாங்கிட்டு வாங்க' என்று சீட்டை நீட்டுவார்களோ என்று. வளாகத்திலேயே அம்மா உணவகம் இருந்தாலும் போய் வர ஆள் இல்லாமல் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொட்டலத்தைவிட அதிகம் தேவைப்படுவது, 'நீங்க போய்ச் சாப்பிட்டுக் குளிச்சிட்டு வாங்க, ஒரு மணி நேரம் நான் இங்க இருக்கேன், கூப்பிட்டா போன் பண்றேன்' என்று சொல்லும் ஒருவர். இதற்கும் முறை உண்டு. முதலில் வார்டு செவிலியரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அவர்கள் பணத்தையோ நகையையோ கையில் வாங்காதீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவர் ஏதாவது சொன்னால் நீங்கள் விளக்கம் சொல்லாமல், குடும்பத்தார் வந்ததும் மறுபடி கேட்கச் செய்யுங்கள். முகக்கவசம் அணியுங்கள். இதய நோயாளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை ஃப்ளூ தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது, அதைப் போட்டுக்கொண்டு போவது நல்லது. ஒரு மணி நேரம், வாரம் இரண்டு நாள் போதும்.

ஆட்டோக்காரர் உங்களுக்குக் கொடுத்தது தோள் பலம். நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் தோள் பலம்தான் என்பதில்லை. ஏழு வாரத்துக்கு முன் உங்களுக்குத் தெரியாத பல விஷயங்கள் இன்று தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. உதாரணம், காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியும் அதில் அடக்கம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வலி வந்த பிறகு அட்டைக்கு அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது. குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து, மருமகள் பெயர் இன்னும் சேர்க்கவில்லை, இப்படிச் சின்னச் சின்னதில் மாட்டிக்கொள்ளும். உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் மாதம் ஒரு குடும்பத்துக்கு இதைச் சரிசெய்து கொடுத்தீர்களானால், அதன் மதிப்பு என்றோ ஒரு ராத்திரி அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று மாத்திரை. தனியாக இருக்கும் பெரியவர் வீட்டில் ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரை இருக்கும். அரசு மருத்துவமனையில் கொடுத்தது, மெடிக்கலில் வாங்கியது, பழைய டாக்டர் எழுதியது, எல்லாம் கலந்து. அட்டைகளைப் பாயில் பரப்பி வைத்துப் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இரண்டு வெவ்வேறு பெயர்ப் பெட்டிகளில் ஒரே மருந்து இருப்பது நிறைய நடக்கும். பெரியவர் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார். சுகர் மாத்திரையில் அப்படி நேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பதில் நேர்ந்தால் ரத்தக் கசிவு. ஆனால் நீங்களாக எதையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். எழுதிக்கொண்டு, பையோடு அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ போங்கள். அட்டையை வெட்டிப் பிரிக்கும்போது காலாவதித் தேதி எந்த ஓரத்தில் அச்சாகியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைக் கடைசி வரை விட்டுவையுங்கள். முதல் நாளே அந்த மூலையைக் கிழித்துவிட்டால், மீதி எட்டு மாத்திரைக்குத் தேதியே இருக்காது.

நோய்வாய்ப்பட்டவரைப் பார்க்கப் போவதும் ஒரு கலை, அது உங்களுக்கு இப்போது நன்றாகவே புரிந்திருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். 'எங்க மச்சானுக்கும் இப்படித்தான்...' என்று இறந்தவர் கதை வேண்டாம். 'பீடி சிகரெட் கிடையாதே, எப்படி வந்துச்சு?' என்ற விசாரணை வேண்டாம். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் கலந்து காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்ற செய்தியைச் சொல்லவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். அடைப்பு அதில் கரையாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள். தனியாக இருக்கும்போது நெஞ்சுவலி வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்று வரும் வாட்ஸ்அப் செய்தியும் அப்படித்தான், அது வீட்டில் செய்யும் முதலுதவியே கிடையாது. முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம் வரும், மூன்றாவது வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள் மூன்றாவது வாரம் போங்கள். 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். 'வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு நான் கூட வர்றேன், ஏழு மணிக்கு ரெடியா இருங்க' என்று சொன்னால் கிளம்பிவிடுவார்கள்.

வேறொருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கருணையால் தவறு நடப்பது இங்கேதான். நெஞ்சுவலி வந்தால் நாக்கடியில் வைக்க உங்களுக்குக் கொடுத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை எடுத்து அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கு ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கலாம், ஆண்மைக்கான மாத்திரை எடுத்திருக்கலாம். அந்த நிலையில் அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும். முதலில் 108. நோயாளியை நடக்கவிடாமல் உட்கார வையுங்கள் அல்லது சாய்த்து வையுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்பதை 108-இல் பேசுபவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ பக்கவாதச் சந்தேகமோ இருந்தால் அது கூடாது. 108 வர வெகுநேரமாகும் கிராமமாக இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா கூட்டமாக நிற்காமல் ஆளுக்கொரு வேலை பிரியுங்கள். ஒருவர் தெருமுனையில் நின்று கையைக் காட்ட வேண்டும். ஒருவர் சந்தில் குறுக்கே நிற்கும் பைக்குகளை நகர்த்த வேண்டும். ஒருவர் பழைய ஈசிஜி, மருந்துச் சீட்டு, ஆதார் மூன்றையும் ஒரு பையில் போட வேண்டும். ராத்திரியானால் வாசல் விளக்கைப் போட வேண்டும்.

நினைவில்லாமல், மூச்சு இல்லாமல் அல்லது திணறித் திணறி இழுத்துக்கொண்டு ஒருவர் கிடந்தால், நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும், அவசரத்தில் எல்லோரும் மறப்பது இதை. இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். இந்த வேலைக்கு உங்கள் உடம்பு இப்போது முதல் ஆளாக நிற்கக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன், அந்த ஆட்டோ நிறுத்தத்துக்கு நீங்கள் செய்யும் மிகப் பெரிய நன்றி இதுவாக இருக்கலாம். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. ஓட்டுநர்கள் சவாரியை விட்டுவிட்டு அரைநாள் வரமாட்டார்கள், அது அவர்கள் வருமானம். வண்டியைத் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்டும் நாள், சங்கக் கூட்டம் நடக்கும் நாள் என்று பார்த்து ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்யுங்கள், டீ செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பொம்மையை வைத்து ஒவ்வொருவரும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும், பார்த்துக் கற்றது அவசரத்தில் வராது. அவர்களுக்கு இருக்கும் போலீஸ் பயத்தையும் பேசுங்கள். சாலை விபத்தில் உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவாக அது சேர்ந்தது. பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

ரத்தம் கொடுக்க முடியாதவர் கண் கொடுக்கலாம். மாரடைப்பு வந்தவர், சுகர், பி.பி. உள்ளவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர் எல்லோரும் கண்தானம் செய்யலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, வெறிநாய்க்கடி நோய், ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை அணைத்து, தலைக்கு உயரமாகத் தலையணை வைக்க வேண்டும். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்ட அட்டையால் மட்டும் காரியம் நடக்காது, அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியது குடும்பம். அதனால் இதை வீட்டில் பேசி வையுங்கள், இன்றைக்கே அல்ல, மனைவி மனம் கொஞ்சம் தேறிய பிறகு.

இனி, நல்லது செய்தால் இதயத்துக்கு நல்லதா? தொண்டு செய்கிறவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று காட்டும் ஆய்வுகள் பல உண்டு. ஆனால் ஏற்கெனவே தெம்பாக இருப்பவர்தான் தொண்டுக்குக் கிளம்புகிறார், ஆகவே எது காரணம் எது விளைவு என்று அந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வுகள் குறைவு. 2013-இல் வெளியான ஒன்றில் மேற்குக் கனடாவில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை இரண்டு மாதம் வாரம் ஒருமுறை சின்னப் பிள்ளைகளுக்கு உதவ அனுப்பினார்கள். அந்தப் பிரிவினரின் கொழுப்பும் உடலில் அழற்சியைக் காட்டும் அளவும் குறைந்தன. பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டதை 54 வயது ஸ்டென்ட்காரருக்குப் பொருத்த எனக்குத் துணிவில்லை. சிகரெட்டை விடுவது, மாத்திரை, நடை, பி.பி. கட்டுப்பாடு, இவை காக்கும் என்பது உறுதி. உதவியை மருந்தாக நினைத்துச் செய்யாதீர்கள், அதற்காக இவற்றில் எதையும் குறைக்காதீர்கள்.

'தினமும் ஒருவருக்கு' என்ற உங்கள் கணக்கில் மட்டும் எனக்குக் கவலை இருக்கிறது. மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது அழுகையாக வர வேண்டும் என்றில்லை, ஓயாத ஓட்டமாகவும் வரலாம், நான்கு மணிக்கே விழிப்பு வருவதாகவும் வரலாம். ஒரு நாள் தவறினால் குற்ற உணர்ச்சி பிடுங்குகிறது என்றால் கணக்கை வாரத்துக்கு மூன்று என்று மாற்றுங்கள். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லை, மனம் கனக்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கும் பேசலாம், தமிழில் பதில் சொல்வார்கள்.

உங்கள் மனைவி வேண்டாம் என்று சொல்வதைத் தடையாக எழுதியிருக்கிறீர்கள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தது அவர். இன்றும் ராத்திரியில் உங்கள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கக்கூடும், இப்படி விழித்திருக்கும் மனைவிமார் அநேகம். ஏழு வாரமாக உப்பில்லாமல் சமைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, கடைக் கணக்கையும் பார்த்திருப்பார். அவர் கடைசியாக எப்போது பி.பி., சுகர் பார்த்துக்கொண்டார் என்று கேளுங்கள். நாளைக் காலையில் அவர் எதுவும் சாப்பிடுவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவருமாக நடந்தே போங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததும் அவருக்கு அங்கேயே நாலு இட்லி வாங்கிக் கொடுங்கள். இரண்டாவது ரத்தம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பார்கள், அந்த இரண்டு மணி நேரமும் பெஞ்சில் பக்கத்திலேயே இருங்கள். கடையை அன்றைக்கு மதியம் திறந்தால் போதும்.